ஆனித் தேரும் ராட்டினமும்: நெல்லைச் சீமையில் ஆறு நாள்

ஜூலை 6, 2025 – ஞாயிறு

மறுநாள் திருச்செந்தூரில் குடமுழுக்கு என்பதால் தெற்கே போகும் ரயில்கள் எல்லாம் முருகன் அடியார்களால் நிரம்பியிருந்தன. காத்திருப்புப் பட்டியலில் இருந்த என் பயணச்சீட்டு கடைசிவரை உறுதியாகவில்லை. கிடைத்த இரவுப் பேருந்தில் ஏறி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது காலை ஒன்பது மணி தாண்டிவிட்டது. வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறியிருந்தது. ஆனால் காற்றும் இருந்தது. ஆனி, ஆடியில் மேற்கே மலைக் கணவாயிலிருந்து இறங்கி வயற்காட்டின் மேல் ஓடிவரும் இந்தக் காற்றைத் தோளில் உணர்ந்தவுடன், ஊர் வந்துவிட்டேன் என்று தோன்றியது.

நான் பிறந்தது அம்பாசமுத்திரத்தில். பிழைத்தது சென்னையை அடுத்த ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில். அங்கே பராமரிப்புப் பிரிவில் ஹெல்ப்பராகச் சேர்ந்து, பிட்டராகி, மேற்பார்வையாளராக 31 ஆண்டுகள் முடித்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். பள்ளி திறந்து கூட்டம் குறைந்ததும், ஜூலையில் பூங்காவில் பெரிய பழுது வேலைகளை எடுப்போம் என்பதால், அந்த 31 ஆண்டுகளில் ஒருமுறைகூட ஆனித் தேரோட்டத்துக்கு வர முடிந்ததில்லை. இந்த ஆண்டுதான் வாய்த்தது.

பாளையங்கோட்டையில் மைத்துனர் வீட்டில் சொதி வைத்திருந்தார்கள். தேங்காய்ப்பாலின் முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கூடியதும் இறக்கி, இஞ்சித் துவையலோடு பரிமாறும் சொதிக்கு ஈடாக வேறெதையும் என்னால் சொல்ல முடியவில்லை. உண்ட களைப்பில் உறங்கி எழுந்ததும் பொருட்காட்சிக்குப் புறப்பட்டேன். “வந்த அன்னிக்கே மெஷினப் பாக்கப் போணுமா அத்தான்?” என்று மைத்துனர் வருத்தப்பட்டார். போகாமல் இருக்க முடியவில்லை.

டவுனை ஒட்டிய திடலில் விளக்குகள் எரிந்தன. ராட்சத ராட்டினத்துக்கு 100 ரூபாய், டோரா டோராவுக்கு 80, குழந்தைகளுக்கான டிராகன் ரயிலுக்கு 60, டெல்லி அப்பளம் ஒன்று 40. அப்பளத்தை வாங்கிக்கொண்டு ராட்டினத்தின் அடியில் நின்றேன். ஏறத்தாழ 55 அடி உயரம், பதினாறு பெட்டிகள், விளிம்பை உரசிச் சுழற்றும் டயர், அதை ஓட்டும் மோட்டார். பழைய ராட்டினம் என்பது குழாய்களின் பருமனிலேயே தெரிந்தது. இப்போது செய்பவர்கள் இவ்வளவு கனமாகச் செய்வதில்லை. கண்ணை மூடிக் கேட்டேன். ஜெனரேட்டர், பாட்டு, பிள்ளைகளின் கூச்சல் எல்லாவற்றுக்கும் அடியில், சுற்றுக்கு ஒருமுறை ‘டிக்’ என்று ஓர் ஒலி வந்தது. ஏதோ ஒரு பெட்டி உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கும் இடத்தில் மட்டும் வந்தது.

யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. சீட்டுக் கொடுத்த பையனிடம், “பிட்டர் எப்போது இருப்பார்?” என்று மட்டும் கேட்டேன். “காலைல ஆறு மணிக்கே வந்துருவாவ, அண்ணாச்சி” என்றான். வழியில் அல்வாக் கடை வரிசையில் அரை மணி நேரம் நின்று, சுடச்சுட இலைத்துண்டில் 100 கிராம் வாங்கித் தின்றுவிட்டு வீடு திரும்பினேன். தூக்கம் சரியாக வரவில்லை.

ஜூலை 7 – திங்கள்

ஆறேகாலுக்கு நான் போனபோது ராட்டினத்தின் பதினோராம் எண் பெட்டி கீழே இறக்கப்பட்டு, கழற்றப்பட்டுக் கிடந்தது. பக்கத்தில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெர்னியரால் ஒரு பின்னை அளந்துகொண்டிருந்தார். நான் ‘டிக்’ ஒலியைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார்: “நேத்து கடைசி ஆட்டத்துக்கு முந்திதான் எனக்குப் பிடிபட்டுது. ஒடனே இந்தப் பெட்டியப் பூட்டிட்டேன். ஆள் ஏத்தல.” ராதாபுரம் பக்கத்துக்காரர். என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டு அறிந்ததும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, பையனை அனுப்பிக் கருப்பட்டிக் காபி வரவழைத்தார். காசு கொடுக்க விடவில்லை.

பெட்டி தொங்கும் பின் 32 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஓர் இடத்தில் 30.8 தான் இருந்தது. பின் தேய்வது குற்றமில்லை, தேய்வதற்காகவே அதைச் சற்று மென்மையான இரும்பில் செய்கிறோம். அது மாட்டும் காதின் துளை நீள்வட்டமாகிவிட்டதா, காதை உடலோடு சேர்க்கும் வெல்டிங்கின் ஓரத்தில் விரிசல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. உலோகம் களைத்துப்போனால் விரிசல் நடுவில் தொடங்காது. வெல்டிங் முடியும் ஓரத்திலும் துளையின் விளிம்பிலும்தான் தொடங்கும். எங்கள் பூங்காவில் அதற்குச் சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளித்து, விரிசலுக்குள் புகுந்த சாயம் வெளியே கசிகிறதா என்று பார்ப்போம். பிட்டர் அண்ணாச்சி அதையே மண்ணெண்ணெயும் சாக்பீஸும் கொண்டு செய்தார். காதின் பெயின்டை எமரி பேப்பரால் முற்றிலும் நீக்கி, மண்ணெண்ணெயில் ஊறிய துணியைச் சுற்றி அரை மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, இடித்த சாக்பீஸைத் தண்ணீரில் குழைத்துத் தடவினார். சுண்ணம் காய்ந்து வெளுத்ததும் இருவரும் குனிந்து பார்த்தோம். விரிசல் இருந்தால் அந்த இடத்தில் எண்ணெய்க் கோடு ஒன்று மயிரிழைபோல் நனைந்து தெரியும். தெரியவில்லை. சாயப் புட்டிகள் வருவதற்கு முன் ரயில்வே பணிமனைகளில் அச்சுகளைச் சோதித்த முறை இதுதான். இதை இவருக்குக் கற்றுக்கொடுத்த மேஸ்திரி எங்கே கற்றாரோ!

பிறகு தகரப் பெட்டியிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்தார். என் கைகள் ஆயிரக்கணக்கான பதிவேடுகளைப் புரட்டியவை. இந்த நோட்டைப் புரட்டியபோதுதான் இந்தப் பயணத்தில் முதன்முறையாக வாயடைத்து நின்றேன். பின்கள், காதுகள், பேரிங்குகள், எல்லாவற்றுக்கும் எண் இட்டு, எந்த ஊரில், எந்த நாளில், என்ன அளவில் இருந்தது, எப்போது மாற்றப்பட்டது என்று தமிழில் எழுதியிருந்தார். சித்திரையில் மதுரை, ஆனியில் நெல்லை, ஆடியில் சங்கரன்கோவில் தபசு, பிறகு வேளாங்கண்ணி, புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் தசரா என்று ஊர்கள் வந்துகொண்டே இருந்தன. சங்கரன்கோவில் வரும் இடங்களில் மட்டும் “கரிசல், மழைக்குப் பின் மட்டம் பார்” என்று சிவப்பு மையில் இருந்தது. கரிசல் மண் ஈரத்தில் பொதும்பி இறங்கும். ஒரு காலுக்கு அடியில் அரை அங்குலம் இறங்கினாலும் ராட்டினம் முழுவதும் சாய்ந்து, பேரிங்கின் ஒரு பக்கம் மட்டும் சுமை தாங்கும். ஆகவே கால்களுக்கு அடியில் பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கி, ரசமட்டம் வைத்து, மழை பெய்த ஒவ்வொரு காலையும் மறுபடி பார்க்கிறார்.

ஓரிடத்தில் நிலையாக நிற்கும் எங்கள் ராட்டினங்களில் சுழற்சியால் பேரிங் தேயும். ஊர் ஊராகப் போகும் இவர்களுடையதில், ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை கழற்றி மாட்டுவதால் துளைகளும் போல்ட்டின் மரைகளும் தேய்கின்றன. ஒரே வயதுடைய இரண்டு ராட்டினங்களின் மூப்பு ஒன்றாக இருக்காது. “இதுக்கு இருவத்திரெண்டு வயசாச்சு” என்றார். “அதான் நாலு பெரியாள் ஏத்துத எடத்துல மூணுதான் ஏத்துதேன். மொதலாளிக்குக் கோவந்தான். ஏத்த மாட்டேன்னுட்டேன்.”

வியன்னா நகரத்து ராட்சத ராட்டினத்தின் கதையை அவரிடம் சொன்னேன். 1897-இல் கட்டப்பட்டது, ஏறத்தாழ 65 மீட்டர் உயரம். போரின்போது 1944-இல் தீப்பற்றி எரிந்தது. 1947-இல் மறுபடி ஓட்டியபோது முப்பது பெட்டிகளுக்குப் பதிலாகப் பதினைந்தை மட்டுமே மாட்டினார்கள். சுமை பாதியான அந்த ராட்டினம் இன்றும் சுற்றுகிறது. அண்ணாச்சி வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்போ நான் செய்யுதது சரிதாம்லா?” என்றார். சரிதான் என்று அழுத்தமாகச் சொன்னேன். முப்பது ஆண்டுகளில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இவ்வளவு நிச்சயத்தோடு நான் விடை சொன்னவை மிகச் சில.

புதுப் பின்னை மாட்டி, அது கழன்றுவிடாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னைப் புதிதாகப் போட்டு, மணல் மூட்டைகளை ஏற்றி இருபது சுற்று ஓட்டினார்கள். ‘டிக்’ போய்விட்டது. மதியம் அவர்களோடு உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பும் சோறும் உண்டேன். கடைசித் துண்டுக் கருவாடு எனக்குத்தான் என்று பையன்கள் சண்டை பிடித்து வைத்தார்கள்.

ஜூலை 8 – செவ்வாய்

தேர். காலையிலேயே ரத வீதிகளில் கால் வைக்க இடமில்லை. 450 டன் எடை, 85 அடி உயரம் என்று ஆண்டுதோறும் செய்தித்தாள்கள் எழுதும் நெல்லையப்பர் தேரை, சிறுவனாக அப்பாவின் தோளில் இருந்து பார்த்தபோது மலையாகத் தெரிந்தது. இன்று நான் மேலே பார்க்கவில்லை, சக்கரங்களைத்தான் பார்த்தேன்.

500 ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தேரோட்டம் நடக்கிறது. ஆனால் இன்று நகரும் மரம் முழுவதும் 500 ஆண்டு மரமில்லை. சிற்பங்கள் நிறைந்த அடிப்பாகம் ஆண்டு முழுவதும் நிலையில் நிற்கும். மேலே கம்பும் துணியுமாக எழும் அலங்காரத்தை ஆண்டுக்கொருமுறை கட்டி, விழா முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். அடிப்பாகத்திலும் உளுத்த கட்டையை எடுத்துவிட்டு, இலுப்பையிலோ தேக்கிலோ வேங்கையிலோ புதுக்கட்டையை அதே அளவில் இழைத்துப் பொருத்துவார்கள். அமெரிக்காவில் அல்டூனா என்ற ஊரில் 1902-இல் கட்டிய மர ரோலர் கோஸ்டர் ஒன்று 1985-இல் மூடப்பட்டு, பழுது பார்க்கப்பட்டு, 1999-இல் மறுபடி ஓடத் தொடங்கியது. மர ரோலர் கோஸ்டர் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இதுதான் வழி. ஒவ்வோர் ஆண்டும் சில பலகைகள், சில தூண்கள் என்று மாற்றிக்கொண்டே போகவேண்டும், ஒரேயடியாக மாற்ற முடியாது. தேர்த்தச்சர்களுக்கு இதை யாரும் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

வடம் பிடிப்பவர்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்குத் தேரின் பின்னாலும் சக்கரத்தின் அருகிலும் நிற்பவர்களைப் பற்றி எழுத வேண்டும். பின்சக்கரங்களின் கீழ் நீண்ட மரத்தடிகளைக் கொடுத்து, அவற்றின் மறுமுனையில் இளைஞர்கள் ஏறிக் குதித்து நெம்பினால்தான் நின்ற தேர் அசையும். அசைந்த தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்துக்கு முன் சறுக்குக்கட்டை வைப்பவர்கள் வேறு. உருண்டு வரும் சக்கரத்துக்கு ஒரு முழத்துக்கு முன்னால் குனிந்து, கட்டையைச் சரியான கோணத்தில் வைத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். அரை விரற்கடை கோணம் மாறினாலும் தேர் வீட்டுச் சுவரை நோக்கித் திரும்பும். கோபன்ஹேகனின் டிவோலி பூங்காவில் 1914-இல் கட்டிய மர ரோலர் கோஸ்டரில் இன்றும் வண்டியோடு ஒரு பிரேக்காரர் பயணம் செய்கிறார். வளைவுக்கு வளைவு வேகத்தை அவர் கையால்தான் குறைக்கிறார். அதைப் படித்த நாளில் பிரேக்கை ஒரு மனிதனின் கையில் விடுவதா என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. இன்று சறுக்குக்கட்டை வைக்கும் பெரியவர் ஒருவரை, தேர் நின்ற இடைவேளையில் நீர்மோர் கொடுத்துப் பேச்சுக்கு இழுத்தேன். எப்போது வைக்கவேண்டும் என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். “சத்தம் மாறும், அண்ணாச்சி. மரம் அழும்” என்றார். அவர் விரல்களில் இரண்டின் நகங்கள் கறுத்துப்போயிருந்தன. அப்பாவும் இதே வேலைதான் செய்தாராம்.

கூட்டத்தில் செருப்பு தொலைந்தது. கல் கொதித்தது. வாகையடி முனைப் பக்கம் ஒரு கடையில் 150 ரூபாய்க்கு ரப்பர்ச் செருப்பு வாங்கினேன். கடைக்கார அம்மாள் முதலில் என் பாதத்தில் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் விலையைச் சொன்னார். மாலையில் கோயிலுக்குள் போய் மணிமண்டபத்தின் இசைத்தூண்களைப் பார்த்தேன். ஒரே கல்லில் குடைந்த சிறு தூண்கள், தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுரம். முன்பெல்லாம் ரயில் நிலையங்களில் ஒருவர் சுத்தியலோடு பெட்டி பெட்டியாக நடந்து சக்கரங்களைத் தட்டிக் கேட்பார். விரிசல் விழுந்த சக்கரம் மணியாக ஒலிக்காமல் தகரமாக ஒலிக்கும். நானும் ஆரக்கால்களின் போல்ட்களை அப்படித்தான் தட்டிப் பார்ப்பேன். இந்தக் கல்லைத் தட்டிச் செதுக்கிய கைகள் எத்தனை முறை நிறுத்தி நிறுத்திக் கேட்டிருக்கும் என்று எண்ணியபடி நெடுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

ஜூலை 9 – புதன்

செங்கோட்டை ரயிலில் ஏறினேன். அம்பாசமுத்திரம் தாண்டும்வரை வெக்கை. கடையம் கடந்ததும் சன்னலில் குளிர் ஏறியது. தென்காசியில் சாரல். குற்றாலம் ஐந்தருவியில் வரிசையில் நின்று தலையைக் கொடுத்தபோது, பேருந்தில் பிடித்துக்கொண்ட கழுத்து வலி விட்டது. மங்குஸ்தான் கிலோ 300 ரூபாய் என்றார்கள்; அரைக் கிலோ வாங்கியதற்கு, பழம் நசுங்கியிருக்கிறது என்று கடைக்காரரே இரண்டு கூடுதலாகப் போட்டார். வெண்ணமடைக் குளத்துப் படகுகளை ஓரமாக நின்று பார்த்துவிட்டு நடந்தேன்.

தென்காசிச் சாலையில், சீசனுக்கென்று திறந்திருக்கும் ஒரு சிறு விளையாட்டுப் பூங்காவில் குடை ராட்டினம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. சங்கிலியில் தொங்கும் நாற்காலிகள், தலைக்கு 50 ரூபாய். புத்தம்புது மஞ்சள் பெயின்ட். பெயின்ட் பளபளவென்று இருந்தால் என் கால் தானாக நின்றுவிடும். நெருங்கிப் பார்த்தேன். நாற்காலிச் சங்கிலியைத் தாங்கும் இரண்டு கைகளில், வெல்டிங்கின் ஓரத்திலிருந்து பழுப்பு நிறத்தில் மெல்லிய துருக்கோடு பெயின்டின் மேல் வழிந்திருந்தது. சாரல் ஊரில் துரு இருப்பது இயல்பு. நாள் முழுவதும் ஈரம் சொட்டும் இடத்தில் கிரீஸ்கூடத் தண்ணீர் கலந்து பால்போல் வெளுத்து, வழவழப்பை இழந்துவிடும். ஆனால் பெயின்டுக்கு மேலே உள்ளிருந்து வழியும் துரு அந்த வகையைச் சேர்ந்ததன்று. உள்ளே இரண்டு உலோக முகங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து பொடியாகி, ஈரத்தோடு வெளியே வருகிறது என்பதற்கு அது அடையாளம். அங்கே வாய் திறந்திருக்கிறது. ஏற்கெனவே ஒருமுறை விரிசலின் மேலேயே வெல்டிங் அடித்திருப்பதும் தெரிந்தது.

ஓட்டிக்கொண்டிருந்த பையனுக்கு இருபது வயதிருக்கும். சொன்னேன். “ஓனர்ட்ட பேசுங்க சார்” என்று எண்ணைக் கொடுத்தான். உரிமையாளர் மரியாதையாகத்தான் பேசினார். “சீசன் முடியட்டும் சார், மொத்தமாப் பாத்துருவோம்” என்றார். சீசன் முடிய இரண்டு மாதம் இருக்கிறது என்றேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது. வரிசையில் நின்ற பெற்றோரிடம் துருக்கோட்டைக் காட்டி விளக்கினேன். இரண்டு குடும்பங்கள் விலகிப் போயின. மற்றவர்கள் பிள்ளைகளின் அழுகைக்கு இணங்கினார்கள். பையன் என்னைக் கெஞ்சுவதுபோல் பார்த்தான். அவன் வேலையும் எனக்குத் தெரியும், அவன் அச்சமும் தெரியும். கடைசியில் அந்த இரண்டு கைகளில் தொங்கிய நாற்காலிகளை மட்டும் சுருட்டி மேலே கட்டிவிட்டான். அவனால் முடிந்தது அவ்வளவு. எனக்கு ஆறவில்லை.

ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், பூங்காவில் முன்னும் பின்னும் ஊசலாடும் கொலம்பஸ் கப்பலின் காலைச் சோதனைத் தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். அதற்கு முந்தைய வாரம்தான் அதற்குப் பெயின்ட் அடித்திருந்தோம். சோதனையை நான் தரையில் நின்றே முடித்துவிட்டேன். திறப்பதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, மூன்று மாதமே வேலை பார்த்திருந்த ஒரு ஹெல்ப்பர் பையன், “சார், மேல ஒரு கோடு மாதிரி ஒழுகிருக்கு” என்றான். ஏறிப் பார்த்தேன். தொங்கும் கையின் வேரில், புதுப் பெயின்டைப் பிளந்துகொண்டு, என் உள்ளங்கை நீளத்துக்கு விரிசல் இருந்தது. அன்று அந்தக் கப்பலில் ஏறக் காத்திருந்தவர்கள் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. அந்தத் தாளில் இருந்த என் கையெழுத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மூத்த இயந்திரத்தைக் கண்டு நான் அஞ்சுவதில்லை. பார்க்காமல் போடும் கையெழுத்தைக் கண்டும், விரிசலின் மேல் அடிக்கும் பெயின்டைக் கண்டும்தான் அஞ்சுகிறேன். விழாவுக்கு முன் பெயின்ட் அடிக்கும் வழக்கம் நம் ஊரில் எல்லா இடத்திலும் இருக்கிறது. சோதித்து முடித்த பிறகு அடித்தால் அது காப்பு. சோதிக்காமல் அடித்தால் கண்ணைக் கட்டுவதற்குச் சமம்.

தென்காசியில் இரவு உணவு நாட்டுக்கோழியும் புரோட்டாவும், 180 ரூபாய். சுவை நாக்கில் ஏறவில்லை.

ஜூலை 10 – வியாழன்

காலையில் முதல் வேலையாக அந்தக் குடை ராட்டினத்தைப் பற்றி மாவட்ட நிர்வாகத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இடம், நாள், எந்தெந்தக் கை, எந்தப் பக்கத்து வெல்டிங் என்று படம் வரைந்து வைத்தேன்.

பிறகு மைத்துனரின் பேத்தியைக் கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்கு அழைத்துப் போனேன். 1987-இல் திறந்த இந்த மையத்தில் எதையும் தொட்டுச் சுழற்றி அழுத்திப் பார்க்கலாம். பிள்ளைகளின் கை படும் பொருள்போல் வேகமாகத் தேய்வது வேறெதுவும் இல்லை. கைப்பிடிகள் மெருகேறி வழவழப்பாயிருந்தன. பேத்தி ஒரு சுழல்மேடையில் நின்று கையை விரித்தும் மடக்கியும் வேகம் மாறுவதைப் பார்த்து வியந்தாள். நான் குனிந்து அதன் பேரிங்கைக் கேட்டேன். “தாத்தா, கீழ என்ன தேடுதீய?” என்றாள். சொன்னேன். அவளும் குனிந்து காதை வைத்தாள்.

மாலையில் காற்று ஏறியது. பொருட்காட்சித் திடலில் கூட்டம் நிறைந்திருந்தது. ராட்டினத்தின் உச்சியில் அண்ணாச்சி கட்டியிருந்த சிவப்புத் துணி படபடத்தது. அது விழாமல் நேராக நீட்டி நின்றால் ஆட்டத்தை நிறுத்துவது அவர் முறை. நாங்கள் காற்றுமானி வைத்திருந்தோம். மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டினால் நிறுத்துவோம், அவ்வளவுதான் வேறுபாடு. ஏழரை மணிக்குத் துணி நீட்டி நின்றது. விசில் ஊதினார். பெட்டிகள் நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

ஆட்களை இறக்குவதில் ஒரு முறை இருக்கிறது. வரிசையாக ஒரே பக்கம் இறக்கினால் மறுபக்கம் கனத்து, பிரேக் தாங்காமல் ராட்டினம் தானே உருளும். ஒரு பெட்டியை இறக்கியதும் அதற்கு நேர் எதிர்ப் பெட்டியைக் கீழே கொண்டுவந்து இறக்கவேண்டும். பிறகு அடுத்தது, அதன் எதிர். பதினாறு பெட்டியும் இறங்கப் பதினான்கு நிமிடம் ஆனது. உச்சியில் இருந்த ஒரு பெண் அழுதார். பையன் கீழிருந்து, “அக்கா, ஒண்ணும் ஆவாது, கீழ பாக்காம கோபுரத்தப் பாருங்க” என்று விடாமல் பேசிக்கொண்டே இருந்தான். பிறகு காத்திருந்தவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். கூட்டம் ஏசியது. “காத்தடிச்சா ராட்டினம் எதுக்கு வச்சிருக்க?” என்று ஒருவர் அண்ணாச்சியின் சட்டையைப் பிடிக்கப் போனார். அண்ணாச்சி குரலை உயர்த்தவில்லை. நான் குறுக்கே போய் நின்று, நான் யார், என்ன வேலை செய்தவன் என்று சொல்லி, இவர் செய்தது முற்றிலும் சரி என்று உரக்கச் சொன்னேன். அந்த மனிதர் முணுமுணுத்தபடி நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு போனார். முதலாளி தொலைபேசியில் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அண்ணாச்சியின் முகமே சொன்னது.

ஜூலை 11 – வெள்ளி

பேருந்து இரவு எட்டுக்கு. காலை ஆறு மணிக்கு விடைபெறப் போனேன். காற்று தணிந்திருந்தது. காற்றடித்த மறுநாள் காலை எல்லாப் பின்களையும் போல்ட்களையும் பார்ப்பது அண்ணாச்சியின் வழக்கம், பாதி முடித்திருந்தார். எல்லாப் போல்ட்டிலும் நட்டிலிருந்து தகடு வரை குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார். நட்டு இம்மியளவு தளர்ந்தாலும் கோடு உடைந்து தெரியும். ஆறாவது ஆரக்காலில் ஒரு கோடு உடைந்திருந்தது. அந்தப் போல்ட்டை முறுக்காமல், முழுவதும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட்டார்.

முடித்ததும் நோட்டை எடுத்து, அன்றைய பக்கத்தை எழுதி, பேனாவை என்னிடம் நீட்டினார். “ஒங்க கையெழுத்தும் இருக்கட்டும், அண்ணாச்சி. பெரிய எடத்துல வேல பாத்தவிய.”

பேனாவை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். முதலில் பார்க்க வேண்டும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் டார்ச்சையும் சுத்தியலையும் எடுத்துக் கொடுத்து, ஏணியைச் சாய்த்துப் பிடித்தார். மேலே அச்சுவரை ஏறுவதற்குள் என் முழங்கால் இரண்டு முறை நின்றது. பையன் பின்னாலேயே ஏறிவந்து இடுப்பைத் தாங்கிக்கொண்டான். பதினாறு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுவரச் சொல்லி, காதுகளைத் தட்டிக் கேட்டு, ஸ்பிளிட் பின்களை விரலால் தொட்டு, பதினோராம் பெட்டியின் புதுப் பின்னில் கிரீஸ் இருப்பதைப் பார்த்து முடிக்க இரண்டே கால் மணி நேரம் ஆனது. இறங்கியபோது கருப்பட்டிக் காபி ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தேன்.

நோட்டில் எழுதினேன்: “11.7.2025, நெல்லை. 16 பெட்டியும் நேரில் பார்த்தேன். 4-ஆம் பெட்டியின் இடது காதில் துளை சற்று நீண்டிருக்கிறது. சங்கரன்கோவிலில் மாட்டுவதற்கு முன் புஷ் மாற்றவும்.” அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். அண்ணாச்சி ஒருமுறை வாசித்துவிட்டு, நாலாம் பெட்டியைக் கீழே கொண்டுவரச் சொல்லிப் பையனுக்குக் குரல் கொடுத்தார்.